கழுவிக் கொடுத்த பந்து

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் போடியில் அப்பாவின் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மார்கழி மாதம், குரங்கணி சாலையை ஒட்டிய எங்கள் மாந்தோப்பில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருந்தன. வேனிலேயே நாடு நாடாகச் சுற்றும் ஆஸ்திரேலியத் தம்பதி. இருவருக்கும் அறுபது வயதாவது இருக்கும். இரண்டு நாள் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அப்பா தலையாட்டினார். இங்கிலீஷ் பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? நானே வழிகாட்டி ஆகிவிட்டேன்.

வேனின் பின்னால் இரண்டு சைக்கிள்கள் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை காட்டுப் பாதையில் மிதிக்க வேண்டும் என்றார்கள். நான் வாடகை சைக்கிளில் ஜம்பமாக முன்னால் போனேன். குரங்கணிக்கு மேலே ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கிப் பின்னால் போனேன்.

இறங்கி வரும்போது, காப்பித் தோட்டத்து ஓரம் சருகு மூடிக்கிடந்த கல்லில் வழுக்கி அந்த அம்மா பள்ளத்தில் விழுந்துவிட்டார். முழங்கால் சிராய்த்து, கணுக்கால் பிசகிவிட்டது. அவர் கணவரும் நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அந்த வழியாக விறகுக் கட்டோடு வந்தவர் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஜீப்பு ரோடு வரை நொண்டி வந்தார்.

அவர் என் அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சாதியைச் சொல்லி, எங்கள் வீட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவரை விட்டதே இல்லை. இதெல்லாம் அன்று எனக்கு உறுத்தவும் இல்லை.

சாயங்காலம் அந்தத் தம்பதி வேனிலிருந்து நான்கு கனத்த பந்துகளை எடுத்து வந்தார்கள். கிணற்றடியில் மாடு மேயும் புல்தரையில் சின்ன வெள்ளைப் பந்து ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி பெரிய பந்தை உருட்ட வேண்டும். அது நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். அப்பா, சித்தப்பா, நான் எல்லோரும் மாற்றி மாற்றி உருட்டினோம். ஒரே சிரிப்பு. காலையில் தோள் கொடுத்தவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் அந்த அம்மா கூப்பிட்டு, கையில் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டார். அவர் உருட்டிய பந்து வெள்ளைப் பந்தை ஒட்டிப் போய் நின்றது. அந்த அம்மா கை தட்டினார்.

அடுத்து சித்தப்பாவின் முறை. என்னைப் பார்த்து, "டேய், அத வாய்க்கால்ல ஒரு அலசு அலசிக் கொண்டா" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. தோட்ட வேலைக்காரர் தொட்ட பந்தை எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து நீட்டினேன்.

எதற்குக் கழுவினாய் என்று அந்த அம்மா கேட்டார். நிஜத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. "பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது கழுவிக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை" என்று இங்கிலீஷில் அளந்துவிட்டேன். அவர் ரொம்பவும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுபடியும் தோட்ட வேலைக்காரர் முறை வந்தது. அந்த அம்மா ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, வீங்கிய காலோடு நொண்டி நொண்டி வாய்க்காலுக்குப் போனார். குனிந்து கழுவினார். தன் கழுத்துத் துணியால் துடைத்தார். திரும்பி வந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

அப்பா வேறு பக்கம் பார்த்தார். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏதோ நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்து அந்த அம்மாவும் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் நான் என்ன சொல்லி வைத்திருப்பேன் என்று விளங்கிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பந்தை வாங்கி, உருட்டாமல் புல்லில் மெதுவாக வைத்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும் சின்னையா. சோலி கெடக்கு, வர்றேன்" என்று போய்விட்டார். நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று அந்த அம்மா கேட்டதற்கு, இல்லை என்று மறுபடியும் பொய்தான் சொன்னேன்.

வேன் கிளம்பிப் போன பிறகு தோட்டத்துக்குப் போனேன். மண்வெட்டியோடு பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார், முறைப்பார், முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"அந்தம்மா காலு வீக்கம் வத்திருச்சா சின்னையா?" என்றார்.

"வத்திருச்சு" என்றேன். அப்படியே வரப்பில் ஏறி வீட்டுக்கு நடந்தேன். அவரும் வேலையைத் தொடர்ந்தார்.

அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்புச் செய்த நான், அந்தப் பேச்சையும் அவரே தொடங்கி வைக்கட்டும் என்று காத்து நின்றேனே, பந்தைக் கழுவியதைவிட அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது.