பைப்புகளைப் பிடித்திருந்த பெட்டி

போன கிழமை எங்கள் வீட்டுக் கேற்றுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கலாமென்று, பழையதை வயர் பிரஷால் உரஞ்சிக்கொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த இரும்பு, துருத்தூள், பழைய பெயின்ற் எல்லாம் கலந்து ஒரு மணம் எழும்பும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் கேற் மறந்துபோயிற்று. நான் மல்லாவியில், பௌசியா ராத்தாவின் நெல்லு மில்லில் நின்றேன்.

அப்போது நானும் ஜெசிந்தாவும் சேர்ந்து வயரிங் வேலை செய்துகொண்டிருந்தோம். ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் பழக்கமானவர்கள். அவள் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, தகப்பன் களப்பில் இறால் பிடிப்பவர். சின்ன வயதிலிருந்து வலையில் சிக்கெடுத்த விரல்கள் என்பதால், எந்த வயர்ச் சிக்கும் அவளுக்குப் பெரிதில்லை. என் விரல்கள் அப்படியல்ல. ஆனால் எனக்கு வாய் இருந்தது. ஆட்களோடு கதைத்து வேலை பிடிப்பது நான், வேலையை ஒழுங்காகச் செய்வது அவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்ட அவா, புத்தளத்தில் பல வருடம் இடம்பெயர்ந்திருந்துவிட்டுத் திரும்பி, தன் வாப்பா கட்டிய மில்லை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தா. மில் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். மில் நின்றாலும் அது இறங்காது. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, மோட்டரும் இல்லையாம். சுவரோடு அடித்திருந்த இரும்புப் பைப்புகளும், அவற்றுக்குள் ஓடிய வயர்களும், எல்லாம் வந்து சேருகிற பழைய இரும்புப் பியூஸ் பெட்டியும்தான் மிஞ்சியிருந்தன. புது மோட்டர் பெரியது. பழைய பெட்டியில் நாளுக்கு இரண்டு தரம் பியூஸ் எரிந்தது. அதை மாற்றத்தான் எங்களைக் கூப்பிட்டா.

கிளிநொச்சியில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனோம். கரண்ட் ஒழுக்கு வந்தால் தானாக விழுகிற ரிப் சுவிச்சும் அதில் இருந்தது. பழைய பெட்டியைக் கழற்றினோம். பைப் நுனிகளை வெட்டிக் கட்டையாக்கினோம். மோட்டருக்குப் புது வயர் இழுத்தோம். மற்றப் பைப்புகளுக்குள் இருந்த பழைய வயர்களை அப்படியே புதுப் பெட்டியில் பூட்டினோம். மண்ணுக்குள் இறங்குகிற எர்த் கம்பியையும் மறக்காமல் பூட்டினோம். மோட்டர் ஓடியது, பல்ப் எரிந்தது. சாம்பல் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி, பல்லுத் தீட்டிய பிள்ளைபோல இருந்தது. நான் சற்றுத் தள்ளி நின்று அழகு பார்த்தேன். ராத்தா தேத்தண்ணியோடு பனங்கட்டி தந்தா. பழைய பெட்டியையும், "இது எனக்கு என்னத்துக்குப் புள்ள, நீங்களே கொண்டு போங்கோ" என்று தந்துவிட்டா.

ஸ்கூட்டியில் நான் முன்னால், ஜெசிந்தா பின்னால், அவள் மடியில் பெட்டி. துணுக்காய்ப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நான் அடுத்த வேலையைப் பற்றி ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். பிறகு முதுகில் ஒரு குத்து.

"நிப்பாட்டடி."

"என்ன?"

"நிப்பாட்டெண்டுறன்!"

வீதிக்கரையில் நிற்பாட்டினேன். அவள் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். பைப்புகள் நுழைந்த ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பெயின்ற் உரஞ்சி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பைப்பின் நட்டு இரும்பைக் கவ்விப் பிடித்திருந்த இடம். பெட்டியின் அடியில் எர்த் கம்பி பூட்டியிருந்த தடிப்பான போல்ற்.

"இந்தப் பெட்டிதான்டி எல்லாப் பைப்பையும் எர்த்தோட பிடிச்சு வச்சிருந்தது. நாங்கள் வச்சது பிளாஸ்ரிக்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பைப்புக்குள் எங்காவது வயர் தோலுரிந்து தொட்டால், முன்பு அந்தக் கரண்ட் இரும்புப் பெட்டி வழியாக மண்ணுக்குள் போயிருக்கும், பியூஸ் எரிந்திருக்கும். இப்போது போக வழியில்லை. பைப் கரண்ட்டோடு சும்மா காத்திருக்கும். ரிப் சுவிச் விழத்தான் செய்யும். ஆனால் ஒருவரின் உடம்புக்குள்ளால் கரண்ட் போன பிறகுதான் விழும்.

"தோலெல்லாம் நொறுங்கிற வயர். அதுவும் பைப்பை வெட்டின நாங்கள் நுனியைக் கூர் போக அராவேல்லை" என்றாள் ஜெசிந்தா.

ராத்தாவுக்குப் போன் எடுத்தோம். மில் ஓடுகிற சத்தத்தில் அவாவுக்கு எங்கே கேட்கப்போகிறது? ஸ்கூட்டியைத் திருப்பினேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த வேகத்தில் நான் ஓடியதில்லை. வழி முழுக்க ஒரே காட்சிதான் கண்ணுக்குள். ராத்தா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிவிட்டு, ஈரத் துவாயை விரித்துப் போடுவது சல்லடைக்குப் பக்கத்துப் பைப்பில். அன்று காலையில்தான் பார்த்தேன்.

நாங்கள் உள்ளே ஓடியபோது அவா வாளியில் துவாயைப் பிழிந்துகொண்டு நின்றா.

"ராத்தா! பைப்பைத் தொடாதேங்கோ!"

மில் சத்தத்தை மீறிய என் வாழ்க்கையின் ஒரே கத்தல் அதுதான். அவா துவாயோடு அப்படியே நின்றுவிட்டா. ஜெசிந்தா கரண்ட் பார்க்கிற ரெஸ்ரரைப் பைப்பில் வைத்தாள். சிவப்பு வெளிச்சம் பற்றியது. நான் மெயினை நிற்பாட்டினேன்.

பைப்பின் வாயில், நாங்கள் வெட்டிய கூர் விளிம்பு பழைய வயரின் தோலை அறுத்திருந்தது. முன்பு வயரிங் செய்த ஆட்களின் பிழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அப்படியொரு கதை என் வாயில் தயாராகவும் இருந்தது. ஜெசிந்தா முந்திவிட்டாள்.

"எங்கட பிழை ராத்தா. நாங்கள் வெட்டினதால வந்தது. பைப்புகளை எர்த்தோட சேர்க்கவும் மறந்திட்டம்."

ராத்தா நெல்லு மூடையில் குந்திவிட்டா. "அல்லாஹ்வே" என்று மட்டும் சொன்னா. பிறகு குரல் திரும்பி வந்ததும் நல்ல பேச்சுத் தந்தா. இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்டோம்.

பழைய வயர்களை உருவிப் புதிது இழுத்தோம். நுனிகளை அராவினோம். ஒவ்வொரு பைப்பிலும் பெயின்றை அரத்தால் சுரண்டி, இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கிளாம்பு பூட்டி, எல்லாவற்றையும் ஒரே தடித்த பச்சை வயரால் எர்த்துக்குக் கொண்டுபோனோம். மில் முழுக்க அந்தத் துரு மணம். ஒவ்வொரு பைப்பாக மீற்றர் வைத்துப் பார்த்தோம். மெயின் போட்ட பிறகு ஜெசிந்தா இரண்டு உள்ளங்கையாலும் பைப்பைப் பிடித்தாள். நானும் பிடித்தேன்.

"இப்ப நான் பிடிக்கலாமோ?"

"ஓம் ராத்தா, பிடிச்சுப் பாருங்கோ."

அவா ஒரு விரலால் தொட்டா. பிறகு கை முழுதாலும் பிடித்தா. பிடித்தபடியே சொன்னா: "சரி. என்ர மகளின்ர வீட்டு வேலையும் நீங்கள்தான் செய்யவேணும். ஆனா எல்லாம் முடிஞ்சாலும் ஒரு மணித்தியாலம் இருந்திட்டுத்தான் போகவேணும்."

செய்தோம். இருந்துவிட்டும் போனோம்.

அந்த மில் இப்போது இல்லை. ராத்தாவின் மகன் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார், அங்கே உரஞ்சுவதற்கு ஒரு துண்டு இரும்புப் பைப்பும் கிடையாது. ஜெசிந்தா கல்யாணம் முடித்து முல்லைத்தீவில் தனியாக வேலை எடுத்துச் செய்கிறாள், நல்ல பெயர். எனக்கும் குறையில்லை. ஆனால் ஒன்று. பெட்டியை மூடுமுன், "எர்த் பூட்டியாச்சோ? நுனி அராவியாச்சோ?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர்கள் நான் போனில் கதைக்கிறேன் என்று நினைத்து, கதை முடியட்டுமென்று மரியாதையாகத் தள்ளி நிற்கிறார்கள்.