சீமைச் செடிக்குக் காப்புக் கட்டியது

கொல்லிமலையில் முள்ளில்லாத வேலி வைத்திருந்தது துரையின் பங்களா ஒன்றுதான். வேலி என்றால் ஆடு மாடு உள்ளே நுழையாமல் இருக்க வைப்பது, அதற்கு முள் வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்த விவரம். துரைசாணி வைத்ததோ வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்கான வேலி. கேட்டிலிருந்து பங்களாப் படி வரைக்கும் பாதை விட்டு, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கோடு போட்டு, கப்பலில் வந்த செடிகளை நெருக்கமாக நட்டிருந்தாள். அவை வளர்ந்த பிறகு கத்தரியால் வெட்டி, இரண்டு பச்சைச் சுவர்களாக நிறுத்திவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் பிறந்த வீட்டு வாசலில் அப்படி இருந்ததாம். அதன் பெயர் பீச் மரம், பழம் காய்க்கிற பீச் இல்லை, வேறொரு காட்டு மரம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், நாங்கள் சிறுசுகளாக இருந்தபோது, அது எல்லோருக்கும் சீமைச் செடி.

அந்த வேலியைப் பார்த்துக்கொள்வதற்காகவே அப்பாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; அதில் திருப்புலி நாட்டுச் சரிவில் எங்களுக்கு ஒரு கல்லாங்காடு இருந்தது. அதில் விளைகிற சாமை பாதி வருஷத்துக்கு வந்தால் பெரிது. மீதி வருஷத்துக்குச் சீமைச் செடிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவார், களை எடுப்பார், ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துத் தூவுவார். செடிகள் மட்டும் வளர மாட்டேன் என்றன. நட்டபோது என் தோள் உயரத்துக்கு இருந்தவை, நான் வளர வளர என் இடுப்புக்கு இறங்கிவிட்டன. ஒன்று துளிர்த்தால் பக்கத்தில் இருப்பது தூங்கும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் இலையெல்லாம் பழுத்துச் செம்பு நிறத்துக்கு வரும். அப்புறம் காயும். காய்ந்தாலும் உதிராது. மார்கழிக் காற்றில் கிளையைப் பிடித்துக்கொண்டு சலசலத்தபடி கிடக்கும்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த முறை ஒழுங்காகத் துளிர்க்காவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சில்வர் ஓக் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். சில்வர் ஓக்குக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியதில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அந்த வருஷம் அவர் ஒவ்வொரு செடியிடமும் நின்று மன்றாடாத குறையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பைல் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். பொங்கல் சீரைத் தம்பி கொண்டுவருவான் என்று காத்திருக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. மார்கழிக் கடைசியில் தானே வந்துவிடுவாள். அம்மா சாணி மெழுகிய தரையை மறுபடி மெழுகுவாள், கழுவிய சட்டியை மறுபடி கழுவுவாள். என்னைப் பிடித்தால் காதுக்குப் பின்னால் வரைக்கும் தேய்த்துத் தோலை எடுப்பாள். கடைசியில் சீரை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீடு இனி ஒரு வருஷத்துக்குத் தாங்கும் என்கிற நிம்மதியோடு போவாள். அவளுக்கு நான் பயப்படுவேன். அவள் மாதிரி ஆக வேண்டும் என்றும் ஆசைப்படுவேன்.

அந்த வருஷம் துரையும் துரைசாணியும் கிறிஸ்துமஸுக்கு ஏற்காடு போனவர்கள் பொங்கலன்றுதான் திரும்புவதாக இருந்தது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன என்னோடு அத்தையும் பங்களாவுக்கு வந்தாள். வேலியைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள். அத்தை இடுப்பில் கை வைத்தால் ஊரில் யாருக்கோ வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"நாளைக்குக் காப்புக் கட்டோணும். வாசல்ல ரெண்டு பக்கமும் செத்த எலைய வெச்சுக்கிட்டு எங்கடா கட்டுவ?" என்றாள் அப்பாவிடம்.

காப்புக் கட்டுவது எங்கள் பக்கம் மார்கழியின் கடைசி நாளில். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, கூரையிலும் மாட்டுக் கொட்டாயிலும் காட்டு மூலையிலும் செருகுவோம். அதற்கு முன்னால் பழசு, ஒட்டடை, காய்ந்தது எதுவும் வாசலில் இருக்கக் கூடாது. பங்களாவும் மலையில்தானே இருக்கிறது என்பது அத்தையின் கட்சி. செத்த இலைகளுக்கு நடுவே அந்தப் பொம்பளை பொங்கலன்று நடந்துவந்தால் அவள் குடும்பம் என்னத்துக்கு ஆகும் என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.

செடியில் கத்தரி வைக்கக் கூடாது என்று துரைசாணி சொல்லிவிட்டுப் போயிருப்பதை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கத்தரிதான வெக்கக் கூடாதுன்னாங்க? கையி வெக்கக் கூடாதுன்னாங்களா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்றும் சொல்லவில்லைதான். பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்துப் பேசாத மனிதர், அன்றைக்கும் பேசவில்லை.

அத்தை அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்த இரண்டு வரிசையிலும் ஓர் இலை இல்லாமல் உருவினோம். சில இலைகள் பாதி பச்சையாக இருந்தன, அவற்றையும் விடவில்லை. இலை போன இடத்தில் நீளமாக, கூராக, பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முள் என்று நினைத்தேன். ஆக, துரைசாணி வேலிக்கும் முள் இருக்கிறது, இத்தனை நாள் இலைக்குள் மறைந்து கிடந்திருக்கிறது என்று கத்திச் சொன்னேன். எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். குத்தாத முள்ளாக இருக்கிறதே என்று அம்மா மட்டும் சந்தேகப்பட்டாள். இலைகளை எருக்குழியில் கொட்டினோம். மறுநாள் கேட்டில் ஒரு காப்பு, வேலியின் நான்கு கோடியிலும் ஒவ்வொரு காப்பு என்று அத்தை தன் கையாலேயே செருகினாள். பாதை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. துரைசாணி இதைப் பார்த்தால் எப்படிப் பூரித்துப்போவாள் என்று நினைத்து நினைத்து எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

பொங்கலன்று டோலியில் வந்து இறங்கிய துரைசாணி பூரிக்கவில்லை. கேட்டில் அப்படியே நின்றாள். பிறகு பாதையில் நடந்து, இந்தப் பக்கம் ஒரு குச்சியையும் அந்தப் பக்கம் ஒரு குச்சியையும் தொட்டுக்கொண்டே போய், படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

விவரத்தைப் பங்களாவில் சமையலும் மேல்வேலையும் பார்க்கிற பட்லர்தான் வந்து சொன்னார்.

"அவங்க ஊர்ல பனி கொட்டுற மாசத்துல அத்தனை மரமும் மொட்டையாயிருமாம். இது ஒண்ணுதான் காஞ்ச எலைய விடாமப் புடிச்சிருக்குமாம். சின்னதுல சன்னல்ல நின்னு அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்களாம். அந்தக் காஞ்ச எலைக்காகத்தான் இம்புட்டுப் பாடும்."

துரை சிரித்தாராம். செடி செத்துவிட்டது, தொல்லை விட்டது, தை முடிவதற்குள் பிடுங்கிப்போட்டுவிட்டு அதோடு நீயும் வீட்டுக்குப் போ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். தன் கையால் ஊற்றி வளர்த்ததைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இனி பாதி வருஷம் என்ன சாப்பிடுவது என்று அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. ஆனால் அந்தப் பொங்கலுக்கு அவள் சர்க்கரைப் பொங்கலைத் தொடவே இல்லை.

பண்டிகை முடிந்தும் அத்தை ஊருக்குப் போகவில்லை. பைல் நாட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதற்கு, இங்கே இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். காலையில் அப்பாவுக்கு முன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்புவாள். நானும் ஒரு சொம்போடு பின்னால் ஓடுவேன். அத்தை மருமகளைத் திட்டுவது போல ஒவ்வொரு செடியையும் பேர் வைத்துத் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். குடித்த தண்ணீருக்காவது ஒரு நன்றி வேண்டாமா என்பாள். பட்லர் தலையில் அடித்துக்கொள்வார். துரைசாணி சன்னல் திரையை விலக்குவதே இல்லை.

முள் பெருத்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தது நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். முந்தின வாரம் ஒல்லியாக இருந்தது, இப்போது நடுவில் தடித்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், அடுத்த செடியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பொத்தினாள். அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்றாள். நம்பவைத்துவிட்டு அது நடக்காமல் போனால் அவன் தாங்க மாட்டான் என்றாள். அன்றிலிருந்து செடிக்கும் தை மாதத்துக்கும் ஓட்டப்பந்தயம் நடந்தது. ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பந்தயத்தில் தை மாதம்தான் முந்தும் போலிருந்தது. பிடுங்கச் சொன்ன நாள் வந்துவிட்டது. முள் இன்னும் விரியவில்லை. அப்பா கடப்பாரையோடு கேட்டோரத்து முதல் செடியிடம் போய் நின்றார். துரை வராந்தாவில் தொப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடப்பாரையை ஓங்கியபோது அத்தை அதைப் பிடித்து வாங்கிக் கீழே போட்டாள். போட்டுவிட்டு நேராகப் படியேறினாள். பட்லர் குறுக்கே வந்தார், அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். எங்கள் ஆட்கள் யாரும் மிதித்திராத அந்தத் தரையில் நடந்துபோய், துரைசாணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்து, அவள் விரலைப் பிடித்து ஒரு முள்ளின் மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாரு கண்ணு. செத்ததா இப்படித் தடிச்சுக் கெடக்கும்?"

துரைசாணியைக் கண்ணு என்று ஒருத்தி கூப்பிட்டதைக் கேட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணி குனிந்தாள். முள்ளின் நுனியை நகத்தால் மெல்லப் பிரித்தாள். உள்ளே பச்சை. அவ்வளவு இளம்பச்சையை நான் நெல் நாற்றில்கூடப் பார்த்ததில்லை. அவள் போட்ட கூச்சலில் துரை தொப்பியை வராந்தாவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வரிசை நெடுகப் போய்ப் பார்த்தார். சந்தை நாள் வரைக்கும் கடப்பாரையைத் தொட வேண்டாம் என்றார்.

சந்தை நாள் வரைக்கும்கூட வேண்டியிருக்கவில்லை. முள் என்று நாங்கள் சொன்னதெல்லாம் இலையாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் மடிப்புக் கலையாத புதுச்சேலையாக, ஓரத்தில் வெள்ளைப் பூமுடியோடு வந்தது. ஒன்று துளிர்த்து ஒன்று தூங்குகிற பேச்சே இல்லை. கேட்டிலிருந்து படி வரைக்கும் இரண்டு வரிசையும் சேர்ந்தாற்போல் பச்சை. சந்தைக்குப் போகிற குண்டனி நாட்டு ஆட்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். துரை அந்தப் பாதையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்து, அத்தைக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்தார். அத்தை அதை ஏதோ வரவேண்டிய பாக்கி வந்தாற்போல் ஏற்றுக்கொண்டாள். கேட்டடியில் கல் கூட்டி இன்னொரு தடவை பொங்கல் வைத்தோம். துரைசாணி கையில் வாங்கித் தின்றாள். அப்பாவின் வேலை நிலைத்தது. நான் அன்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டு சந்தை முழுக்க ஊமையாகத் திரிந்தேன். இந்த வயது வரைக்கும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

செடி நூல் படித்த ஒரு வெள்ளைக்காரர் ஏற்காட்டிலிருந்து மெனக்கெட்டு வந்து, என்ன மந்திரம் செய்தாய் என்று அத்தையைக் கேட்டார். பொங்கலுக்கு வாசலைச் சுத்தம் செய்தேன், வேறென்ன என்றாள். மலைக்காரி ரகசியத்தை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் போனார். விவசாயம் படித்த என் மகன் வேறு மாதிரி சொல்கிறான். பனி கொட்டாத ஊரில் அந்த மரத்துக்கு எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று தெரியாதாம். இலையை உருவியதுதான் எழுப்பிவிட்டிருக்கும் என்கிறான். இருக்கலாம். அத்தையிடம் இதைச் சொல்லியிருந்தால், எல்லாம் எனக்குத் தெரிந்துதான் செய்தேன் என்றிருப்பாள். பைல் நாடு போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனாள்.

மறு வருஷம் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் பங்களாவே திருவிழாவாகிவிட்டது. வேலி என் தோளைத் தாண்டியிருந்தது. துரைசாணி எங்கும் போகவில்லை. பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்களோடு மண்ணில் உட்கார்ந்து இலை உருவினாள். யார் வரிசை முதலில் முடிகிறது என்று போட்டி வைத்தோம். என் பக்கம்தான் ஜெயித்தது. ஜெயித்த மிதப்பில் வேலியைச் சுற்றி வந்தபோது, துரைசாணியின் சன்னலுக்கு நேர் கீழே ஒரு செடி உருவப்படாமல் காய்ந்த இலையோடு அப்படியே நிற்பதைப் பார்த்தேன். அவள் பங்குக்கு வந்த செடி அது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, அவள் மானம் போவதற்குள் நாமே முடித்துவிடலாம் என்று ஓடினேன்.

அத்தை பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். ஒரு காய்ந்த இலை கண்ணில் பட்டால் தூக்கம் வராத அத்தை, அந்தச் செடியைப் பார்த்தாள், மேலே சன்னலைப் பார்த்தாள். துரைசாணி தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டும் சாமி, வா," என்றாள் அத்தை.

அத்தைக்கு வயதாகிவிட்டது, முன்னைப்போல் வேலை செய்ய முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கிற வெல்லத்தை வாங்க நான் பட்லரிடம் ஓடினேன்.