கடி சின்னமுத்து கட்டுன பல்லு

போடியில சின்னமுத்துன்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவான். கடி சின்னமுத்துன்னா ஒருத்தன்தான். நான் மூட்டை தூக்குற ஏலக்காய்க் கடையில அவனுக்குச் சோலியே கடிக்கிறதுதான். சிரிக்காதீக. மலையில இருந்து ஜீப்புல மூட்டை வந்து எறங்குனதும், சாக்கைப் பிரிச்சு ஒரு காயை எடுத்து முன்பல்லுல வச்சு ஒரு கடி கடிப்பான். எடது கண்ணு தானா மூடிக்கிரும். "காஞ்சிருச்சு"ம்பான், இல்ல "ஈரம்"பான். ஈரம்னுட்டா மூட்டை திரும்ப மலையேறி, காய் காயவைக்கிற ஸ்டோர்ல சூட்டுல கெடந்துட்டுத்தான் வரணும். ஈரக்காயை வாங்கிப் போட்டா பத்து நாள்ல பூசணம் பூத்துரும். அதனால மொதலாளி ராக்கையாவே அவன் வாயைப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பாரு. கடையில மொதலாளிக்கு அடுத்து நாற்காலி இருந்தது அவனுக்கு மட்டுந்தான். அவன் பொஞ்சாதி மகாராணி அதே கடையில இருபது வருசமாத் தரையில உக்காந்து காய் பொறுக்குறா. பேருதான் மகாராணி, உக்கார்றது சாக்குல.

அப்பேர்ப்பட்ட பல்லு ரெண்டும் போன வருசம் போயிருச்சு. எப்படின்னு கேட்டா, "தேவாரத்துல மச்சினன் தோட்டத்துக்குக் காவலுக்குப் போனேன், யானை வெரட்டுச்சு, ஓடையில விழுந்தேன்"ம்பான். மொதல்ல ஒரு யானைதான். மாசக் கடைசியில குட்டியோட சேத்து மூணு ஆயிருச்சு. நடந்தது என்னன்னா, பொட்டிபுரத்துல அவன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. கறிச்சோத்துல இவன் எலைக்கு நல்லி எலும்பு வந்துச்சு. தட்டி உறிஞ்சிட்டுப் போயிருக்கலாம். கடிச்சான். எதிர் எலையில நான்தான் உக்காந்திருந்தேன். எலும்புக்கு ஒண்ணும் ஆகல.

மொதலாளி மகன் வினோத்குமார் கோயமுத்தூர்ல படிச்சவன். "எச்சி பண்ணிச் சரக்குப் பாக்குறது அசிங்கம்ப்பா, ஈரம் பாக்க மிஷின் இருக்கு"ன்னு ரொம்ப நாளா அனத்திக்கிட்டு இருந்தான். இப்ப வசமா மாட்டுச்சு. மொதலாளி சின்னமுத்தைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் பாப்பேன்ப்பா. பல்லைக் கட்டிட்டு வா. இல்லைன்னா அந்த நாற்காலியில மிஷினைத் தூக்கி வச்சிருவேன்"னுட்டாரு.

பல்லு டாக்டரம்மா சுஜிதாகிட்டத் தொணைக்குப் போனது நான்தான்.

"ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லைச் சுத்திச் செதுக்கி, அது மேல தொப்பி மாதிரி மாட்டணும். நடுவுல வர்ற புதுப்பல்லு ரெண்டும் அதோட சேந்து ஒரே துண்டா இருக்கும். இதான் பிரிட்ஜு."

"தாயி, பக்கத்துப் பல்லு ரெண்டும் திடமா இருக்கே. அதை எதுக்குச் செதுக்குறீக?"

"புதுப்பல்லைத் தாங்குறதுக்கு ஆளு வேணும்ல அண்ணே?"

"எலும்பைக் கடிச்சது ரெண்டு, அனுபவிக்கிறது நாலா?"ன்னு நான் கேட்டேன்.

டாக்டரம்மா நிமிந்தாக. "எலும்பா? யானைன்னாரே?"

சின்னமுத்து என் காலை மிதிச்ச மிதியில ரெண்டு நாள் நொண்டுனேன்.

பொறகு பல்லுக் கலரு அட்டையை நீட்டுனாக. உங்க பல்லு டீக்கறை ஏறுனது, அதுக்குத் தக்கன மங்கலா எடுங்கன்னாக. இவன் கேக்கல. இருக்கிறதுலயே வெள்ளையைத் தொட்டுக் காட்டுனான். கடைசியில, "எலும்பு, முறுக்கு, கொட்டை எதையும் முன்பல்லுல கடிக்கக் கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டாக.

"உக்காந்து பாக்குற வேலைதான் தாயி."

பொய்யின்னு சொல்ல முடியாது.

பல்லு மாட்டிட்டு வந்த அன்னைக்குக் கடையே வேடிக்கை பாத்துச்சு. பழைய சுவத்துல புது டைல்ஸ் பதிச்ச கணக்கா மின்னுச்சு. மொத மூட்டையைக் கடிச்சான், டக்குன்னு சத்தம். "காஞ்சிருச்சு." ரெண்டாவதுலயும் டக். "காஞ்சிருச்சு." அன்னைக்கு வந்த அத்தனையும் காஞ்சிருச்சு. வீட்டுக்குப் போயி பொஞ்சாதிகிட்ட அழாத கொறையாச் சொல்லிருக்கான்: "அடியே, ருசி தெரியுது, ஈரம் தெரியல. கட்டையை வச்சுக் கடிக்கிற மாதிரி இருக்கு. என் நாற்காலி போச்சுடி." இதை மகாராணி என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னா, அவ என்கிட்டச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. அதனாலதான் எழுதுறேன்.

மகாராணி சொன்னாளாம், "இதுக்கு எதுக்கு பல்லு? கையை விட்டு அளைஞ்சா தெரியாதா? காஞ்ச காய் சலசலங்கும், ஈரக்காய் சத்தமில்லாம விரல்ல ஒட்டும். நான் காயை அளையிறேன். ஈரம்னா இருமுறேன். நீரு கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா கடியும்."

மறுவாரம் வினோத்குமார் மிஷினைக் கொண்டாந்துட்டான். அஞ்சு தட்டுல அஞ்சு சரக்கு. மொதல்ல சின்னமுத்து சொல்லணும், பொறகு மிஷின் சொல்லணும். மகாராணி தூசி பொறுக்குற சாக்குல சொளகைத் தூக்கிக்கிட்டுத் தட்டுத் தட்டா முன்னால போறா. மொதத் தட்டுல இருமல் இல்ல. "காஞ்சிருச்சு." மிஷினும் அதையே காட்டுச்சு. ரெண்டாவதுல கொல்லுன்னு ஒரு இருமல். "ஈரம்." சரி. மூணும் நாலும் சரி. கூட்டம் கைதட்டிருச்சு. வினோத்குமார் மிஷினைத் தட்டித் தட்டிப் பாக்குறான்.

கைதட்டுனதுதான் வெனை. அஞ்சாவது தட்டுல சின்னமுத்து பொஞ்சாதி பக்கம் திரும்பவே இல்ல. நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு கைப்பிடி காயை அள்ளி, "கண்ணாடி மாதிரிக் காஞ்சு கெடக்கு"ன்னான். மகாராணி இருமுறா, இருமுறா, கண்ணுல தண்ணி வர இருமுறா. அவன் காதுலயே வாங்காம நறுக்குன்னு ஒரு கடி கடிச்சான். நாலு பல்லும் ஒரே துண்டாக் கழண்டு தட்டுல விழுந்துச்சு. பச்சைக்காய்க்கு நடுவுல அத்தனை வெள்ளையா இருந்தா எடுக்கிறவனுக்குத் தேடுற சோலி இல்ல.

மொதலாளி தட்டைப் பாத்தாரு, மகாராணியைப் பாத்தாரு. "ஏம்மா இந்த இருமு இருமுற?"

"காய் ஈரமா இருக்கு மொதலாளி. அதான்."

வினோத்குமார் மிஷினை வச்சுப் பாத்தான். ஈரம்.

மொதலாளி விவரமான ஆளு. மிஷின் சொல்றதைக் கேரளாவுல இருந்து காய் கொண்டுவர்ற சேட்டன்மாரு நம்ப மாட்டாக, பொம்பளை கை சொல்றதை மலைக்காரன் எவனும் ஒத்துக்கிற மாட்டான், கடிச்சாத்தான் ஊரு நம்பும்னு அவருக்குத் தெரியும். அதனால மிஷினு கண்ணாடிப் பொட்டிக்குள்ள போயிருச்சு, ஆபீசருக வந்தாக் காட்டுறதுக்கு. சின்னமுத்து பல்லைத் திருப்பி ஒட்டிட்டு வந்து நிக்கிறான். ஆமா, நிக்கிறான். "நான் இருமணும்னா நாற்காலி வேணும்"னு மகாராணி சொல்லிட்டா. இப்ப அவன் காயை வாயில வச்சுக் கண்ணை மூடி, இருமல் வருதான்னு காத்துக்கிட்டு இருப்பான். கடிக்கிறதில்ல. கடையில எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்றதில்ல.

போன வாரம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து காய் கொண்டுவர்ற சேட்டன் ஒருத்தர், எளகுன மனசுக்காரரு, இருமல் மருந்து பாட்டிலைக் கொண்டாந்து மகாராணிகிட்ட நீட்டுனாரு. "சேச்சி, பாவம், எப்ப வந்தாலும் இருமிக்கிட்டே இருக்கீங்க. ரெண்டு ஸ்பூன் குடிச்சா மாறும்."

சின்னமுத்துக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. ஒரே தாவாத் தாவிப் பாட்டிலைப் பிடுங்கி, "எனக்கும் இருமல்தான் சேட்டா"ன்னு சொல்லி, நின்ன வாக்குலயே முழுப் பாட்டிலையும் காலி பண்ணிட்டான்.