கருப்புக் கிடாவும் அனுமதி கேட்ட பெண்ணும்

எருமப்பட்டிக்குத் தெற்கே பதினெட்டு வெள்ளாடு வளர்க்கும் சௌந்திரம், விற்க வேண்டிய ஆட்டை வீடியோ எடுத்து முகநூலில் போடுவாள். வயது தெரிய அதன் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவாள், நடக்க விடுவாள், குறை இருந்தால் அதையும் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆத்தூர்ப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

போன சித்திரையில் தம்மம்பட்டிக்காரர் ஒருவர் வண்டியோடு வந்து வாசலில் நின்று கத்தினார். அவர் நீட்டிய போனில் தெரிந்தது அவளுடைய ஆடு, அவளுடைய கை. கீழே இருந்த நம்பர் மட்டும் யாருடையதோ. அந்த நம்பருக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்திருந்தார். அவள் எவ்வளவு சொல்லியும் அரை மனதாகத்தான் திரும்பிப் போனார். அதன் பிறகு சந்தையில், “ஏனுங்க, இது உங்க ஆடுதானுங்களா?” என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பல வருசம் பாடுபட்டுச் சேர்த்த பேர் அது.

அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து அனிதா என்ற பெண் செய்தி அனுப்பினாள். ஆடு வளர்க்கும் பெண்களுக்காக ஒரு பக்கம் நடத்துகிறாளாம். அவள் போட்டிருந்த கருப்புக் கிடா வீடியோவைச் சௌந்திரத்தின் பேரோடும் நம்பரோடும் எடுத்துப் போட அனுமதி வேண்டுமாம்.

“அந்தத் திருட்டுக் கூட்டம் இவதானுங்க,” என்றாள் சௌந்திரம்.

கணவர் அப்புசாமி சிரித்தார். “ஏம்புள்ள, திருடறவன் எவன் கேட்டுட்டு எடுத்தான்?”

“அதானுங்க எனக்கு ரோசனையே. ஊருல எவனும் கேக்காம எடுக்கறப்ப இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

ஆட்டை விற்றால் விற்றவளிடம் கயிறு மட்டும்தான் தங்கும். அனுமதி கொடுத்தாலும் அப்படித்தான், வீடியோ கைவிட்டுப் போய்விடும் என்று அவள் நினைத்தாள். அனிதாவுக்குப் போன் போட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

“என்ர கிடாவுக்கு எத்தன பல்லு?”

“ரெண்டு பல்லுங்கக்கா. பின்னங்கால்ல தழும்பு இருக்குதுன்னும் நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“நான் செரின்னுட்டா வீடியோ உன்னுது ஆயிருமா?”

“இல்லீங்கக்கா, உங்களுதுதான். தூக்குன்னு சொன்னா அன்னைக்கே பக்கத்துல இருந்து தூக்கிருவேன்.”

அத்தனையையும் எழுதி அனுப்ப வைத்த பிறகே சம்மதித்தாள்.

மறுநாள் அனிதாவின் பக்கத்தில் வீடியோ வந்தது. பேர் சரி, நம்பர் சரி. ஆனால் கிடா வாயைத் திறக்கிறது, சத்தம் இல்லை. அவள் குரலும் இல்லை. பேசியதெல்லாம் கீழே எழுத்தாக ஓடியது. கிடா கத்துவதைக் கேட்டுத்தான் சளி உண்டா என்று வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள். சௌந்திரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சத்தத்த எதுக்கு எடுத்த? நாளைக்கு வேற கொரல வெச்சு வேற நம்பர் சொல்றதுக்கா?”

“அக்கா, நீங்க எடுத்த வீடியோவுல பின்னாடி சினிமாப் பாட்டு ஓடுதுங்க. அது உங்களுது இல்லியே, அதுக்கு நீங்க எப்படி அனுமதி குடுக்க முடியும்? உங்ககிட்டச் சொல்லாம பண்ணுனது என்னோட தப்பு. வீடியோவத் தூக்கிரட்டுங்களா?”

சௌந்திரம் போனை வைத்தாள். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அப்புசாமி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும்போது வைக்கும் பாட்டு எல்லாவற்றிலும் கேட்டது. அந்தப் பாட்டுக்காக யாரையும் அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அனிதாவை மறுபடி கூப்பிட்டு, “அந்த வீடியோவத் தூக்கிரு. காலைல வேற அனுப்பறேன்,” என்றாள்.

விடிந்ததும் கிடாவைப் பிடித்து நிறுத்தினாள். “ஏனுங்க, அந்தப் பாட்ட நிறுத்துங்க.”

“ஏன், கிடாவுக்குப் புடிக்கலியா?”

“அது நம்முளுது இல்லீங்க.”

கிடா நன்றாகவே கத்தியது. யாரும் முன்பணம் அனுப்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினாள். அனிதா போட்டதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் அவளுக்கு உறுத்தலாகவே இருந்தது.

மத்தியானம் கெங்கவல்லியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். “நம்பி வரலாமாம்மா?”

“நம்ப வேண்டாமுங்க,” என்றாள் சௌந்திரம். “வந்து பாருங்க.”