நடுங்கிய வில்

என் வலக்கை நடுங்கத் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் செலோ வாசிக்கிறவள். திருகோணமலையில் அதைப் பெரிய வயலின் என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும். ஓட்டோவில் அது முழுச் சீட்டையும் பிடித்துக்கொள்ள, நான் ஒரு மூலையில் ஒடுங்கி இருப்பேன். வேகமான இடங்களில் நடுக்கம் தெரியாது. வில்லை மெதுவாக இழுத்து ஒரே சுரத்தை நீட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும். யாரும் கேட்டால், துறைமுகத்து உப்புக்காற்றில் வில்லின் மயிர் இளகிவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

காலையில் எழும்பினதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வில்லின் நுனியைச் சுவர்க் கலண்டரில் ஒரு திகதிக்கு நேரே பிடித்து இருபது வரை எண்ணுவேன். முதலில் நுனி அந்தக் கட்டத்துக்குள்ளேயே நின்றது. பிறகு பக்கத்துத் திகதிக்குப் போய்வரத் தொடங்கியது. டொக்டரிடம் போகப் பயம். அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது வியாதியாகிவிடும், இப்போதைக்கு வெறும் நடுக்கம்தானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு தேவாலய மண்டபத்தில் பின்னேரக் கச்சேரி. முதற்பாதி நான் தனியே, இரண்டாம் பாதி பியானோவோடு. பியானோ வாசிப்பவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் நாலைந்து பேருக்காக எழுதின இசையை எங்கள் இருவருக்கும் ஏற்றபடி மாற்றி எழுதுகிறவளும் அவள்தான்.

கச்சேரிக்கு முதல்நாள் ஒத்திகையில் புதிதாக எழுதின தாளொன்றைத் தந்தாள். என்னுடைய நீண்ட சுரங்கள் எல்லாம் பியானோவுக்குப் போயிருந்தன. அந்த இடங்களில் வில்லைத் தொடாமல் விரலால் தந்தியைச் சுண்டும்படி எனக்கு எழுதியிருந்தாள்.

“இதென்ன புதுக் கூத்து?”

“சுண்டினா வடிவா இருக்கும் எண்டு நினைச்சனான், அக்கா.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

இவளுக்குத் தெரிந்துவிட்டதோ? அப்படியென்றால் வேறு யாருக்கெல்லாம் தெரியும்? என்னிடம் பிள்ளைகளைப் படிக்க விடும் தாய்மார் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். செலோவை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

கச்சேரியில் தனி வாசிப்பை எப்படியோ ஒப்பேற்றினேன். மெதுவான பகுதியை வெட்கமில்லாமல் வேகமாக வாசித்துத் தப்பினேன். சனம் கைதட்டியது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது. இரண்டாம் பாதியில் அந்த இடம் வந்ததும், சுண்டாமல், பழையபடி வில்லை வைத்து இழுத்தேன்.

பாதி வில்லில் கை உதறியது. சுரம் துண்டு துண்டாக உடைந்தது. அதே கணத்தில் பியானோ பெருத்து எழுந்து என் சத்தத்தை மூடியது. தாளில் அவ்வளவு பலமாக வாசிக்கும்படி இல்லை. அவள் திடுக்கிடவும் இல்லை. இப்படி என்னை மூடி மூடி அவளுடைய கை பழகியிருந்தது. ஒரு வருசமாக ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் “உன்ர சத்தத்தில என்ர செலோ கேக்குதில்லை” என்று அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை.

சனம் போனபிறகு அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வருவியோ?” என்று கேட்டேன்.

“ஓம், அக்கா. எத்தனை மணிக்கு?”

ஏன் என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன். அவள் கேட்காததுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.