முடிச்சுக்கு மேலே ஒரு சாண்

எங்கள் வீட்டில் யாரும் எந்தத் தப்பும் செய்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அப்பா வேலைக்குத் தாமதமாகப் போனால் அது பஸ்ஸின் தப்பு. அம்மா வைத்த குழம்பில் உப்பு கரித்தால் உப்பு இப்போதெல்லாம் முன்போல வருவதில்லை. சித்தப்பா பத்தாம் வகுப்பில் மூன்று முறை தேறாமல் போனதற்கு, மூன்று முறையும் ஜன்னலோரத்தில் இடம் போட்டு முகத்தில் வெயில் அடிக்க வைத்ததுதான் காரணம். நானும் அந்தக் குடும்பத்துப் பெண்தான். நோட்டைத் தொலைத்துவிட்டுக் கடற்காற்றின் மேல் பழியைப் போடுவேன். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. எதற்கும் காற்று இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் எப்படியோ வந்து பிறந்தவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். பட்டினப்பாக்கம் கடலோரத்தில், ஹவுசிங் போர்டு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. விடியும் முன்பே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, மந்தைவெளி, மயிலாப்பூர் என்று தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவாள். அவளுடைய கண் ஒரு தராசு. தூக்கிக் காட்டிய வஞ்சிரத்தின் எடையைப் பார்த்தே சொல்வாள். காயப்போட்ட வலையை நடக்கிறபோக்கில் பார்த்து, கண்ணி அரை விரற்கடை பெரிதாக விழுந்திருக்கிறது என்பாள். வலைக்காரர்கள் அளந்து பார்ப்பார்கள். சொன்னது சொன்னபடி இருக்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அத்தைக்கு ஓர் இடம் கிடைத்தது. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் பெருங்குடிப் பக்கம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் மீன் வந்தால் எல்லோரும் அவளிடமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஏழுக்கு மேல் வந்தால் வேண்டாம். அந்த ஒரே இடத்தில் கூடை காலியாகிவிட்டால் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. அவளுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் சுமை வைக்கக் கூடாது என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டுமே. மீன்கூடையைப் பார்த்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வாரம் ஓடிப் பார்த்தாள். நாலு நாள் பிந்திப்போய், மீனோடு திரும்பி வந்தாள். அப்பா, பஸ்காரர்களைத் திட்டினார். சித்தப்பா, ஆட்டோக்காரர்களைத் திட்டினார். அத்தை யாரையும் திட்டவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

அந்த வாரம் பள்ளியில் ‘என் குறிக்கோள்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் எல்லோருமே கலெக்டர் ஆவதாக எழுதியிருந்தோம். தமிழ்நாட்டில் அத்தனை மாவட்டங்கள் இல்லை என்று டீச்சர் சொன்னார். நான் என் கட்டுரையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டியதை அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பீரோவின் கதவைத் திறந்து, உள்பக்கத்தில் வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டி, பென்சிலை என் கையில் கொடுத்தாள். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

“எழுது பாப்பா. மாதா கோயில் கொடி ஏறுறதுக்குள்ள வண்டி லைசென்ஸ்.”

எழுதினேன். சித்தப்பா சிரித்தார். அத்தைக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சைக்கிளில்கூட உட்கார்ந்ததில்லை. கொடியேற்றம் ஆகஸ்டு கடைசியில், அதற்கு மூன்று மாதம்கூட இல்லை. அவள் சிரிப்பைக் காதில் வாங்காமல் அடுத்த வரியைச் சொன்னாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது. அடுத்த ஞாயிறு, கால் ஊன்றாமல் நேராகப் போவது. அதற்கடுத்து, திரும்புவது. கடைசி வரி, எட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளே பென்சிலை வாங்கி அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். கலெக்டராவதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

எட்டுதான் கஷ்டம். லைசென்ஸ் கொடுக்கும் மைதானத்தில் தரையில் போட்டிருக்கும் எட்டுக்குள், கோட்டைத் தாண்டாமல், கால் தரையில் படாமல் சுற்றி வர வேண்டும். கால் பட்டால் முடிந்தது. பழகுநர் உரிமம் எடுக்கப் போன அன்று, சாப்பாட்டு வேளையில் மைதானம் காலியாக இருந்தபோது, அத்தை இடுப்பிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையோடு அவள் நடந்துபோய், வட்டத்தின் அளவைப் பிடித்து, அந்த இடத்தில் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டாள். எட்டு அந்தக் கயிற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கரையோரத்தில் வலை காயப்போடும் சிமெண்டுத் தளம் ஒன்று உண்டு. காலையில் அது வலைக்கு, சாயங்காலத்தில் யாருக்கும் இல்லை. தினமும் வலையை இழுத்து இழுத்து முந்தின நாள் போட்ட கோடு அழிந்துபோகும். ஆகவே பள்ளி விட்டு வந்ததும் எட்டைப் புதிதாகப் போடுவது என் வேலை. அத்தை அதை என்னை நம்பிக் கொடுத்தாள். கயிற்றின் நுனியை ஒரு கல்லில் கட்டி நடுவில் வைத்து, முடிச்சைப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புத் தூளைச் சிந்தியபடி சுற்றி வந்தால் ஒரு வட்டம். கல்லைத் தள்ளி வைத்து இன்னொரு சுற்று வந்தால் எட்டு.

முதல் வாரம் முழுவதும் அத்தை விழுந்தாள். சித்தப்பாவின் பழைய ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். படகில் உட்கார்ந்திருந்த ஒருவர், “இன்னாக்கா, தரையில நீச்சல் அடிக்கிறியா?” என்று கேட்டார். கரையே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். ஆனால் அவளுடைய முழங்கையிலிருந்து ரத்தம் புடவையில் வழிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் கயிற்றைப் பிடிக்கும்போது என் கை முடிச்சைத் தாண்டி ஒரு சாண் போய்ப் பிடித்தது.

அன்றைக்கு அத்தை முதல் தடவையாகக் கால் ஊன்றாமல் ஒரு சுற்று வந்தாள். கைதட்டினேன். எனக்குள் பெரிய ரகசியமும் பெரிய சந்தோஷமும் இருந்தன. நான் நினைத்தால் அத்தை விழ மாட்டாள்! அதன் பிறகு அவள் தடுமாறும் போதெல்லாம் மறுநாள் இன்னும் ஒரு சாண் விட்டேன். எட்டு பெரிதாகிக்கொண்டே போனது. ஆகஸ்டு நடுவில் அதற்குள் ஓர் ஆட்டோவே திரும்பியிருக்கும். படகில் இருந்தவர்கள் கேலியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தை, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சாயங்கால வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி வருவாள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

தேர்வு நாளன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். அப்பாவும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். மைதானத்தில் அந்த எட்டு மிகவும் சின்னதாக இருந்தது. யாரோ அதைச் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வயதிலும் எங்கள் வீட்டுப் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். அளவு எடுத்தபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

அத்தை பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் வட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். இரண்டாவதில் திரும்பும்போது கோடு அவளுக்கு முன்பாகவே திரும்பிவிட்டது. வண்டி சாய்ந்தது. இடது கால் தரையில் பட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் எங்கள் வீட்டு நீதிமன்றம் கூடியது. தரையில் ஜல்லி கிடந்தது என்றார் அப்பா. பிரேக் பிடித்துக்கொண்டது, வண்டி அப்படி என்றார் சித்தப்பா. அதிகாரி பார்த்த பார்வையே சரியில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தெரியும், அடுத்த தடவை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்றார் சித்தப்பா. ஜல்லிதான் என்று முடிவாகிவிட்டால் எனக்கும் நல்லது.

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“ஜல்லியும் இல்ல, பிரேக்கும் இல்ல தம்பி. காலு என்னுது. நான்தான் ஊனுனேன்.”

அவ்வளவுதான். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள். அப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பேசிக் கேட்டதில்லை. அதைச் சொல்லிவிட்டும் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. வீடு வரும்வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் ஒரே பாயில் படுத்த அத்தைதான், ஆனால் புதிதாக யாரோ போல இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். கடைசி வரிக்குக் கீழே, கால ஊனிட்டேன்னு எழுது என்றாள். ‘கால் ஊன்றினேன்’ என்று எழுதினேன். ஏன் என்று அடுத்ததாக ஏதாவது சொல்வாள் என்று பென்சிலோடு காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரி அப்படியே தனியாக நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடிச்சையும் சாணையும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“தெரியும்,” என்றாள் அத்தை.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

“மொத நாளே தெரியும். நீ கயிறு வுட்ட, சரி. அதுல சொகமா சுத்திக்கினு இருந்தது யாரு?” என்று கேட்டாள். பிறகு பீரோ கதவைப் பார்த்து, “அப்ப உன்னுதையும் எழுது,” என்றாள்.

அவளுடைய வரிக்குப் பக்கத்தில் ‘கயிறு விட்டேன்’ என்று எழுதினேன். எழுத்து கோணியது.

மறுநாளிலிருந்து முடிச்சிலேயே பிடித்தேன். அத்தை மறுபடி விழுந்தாள். நான் அழுதுகொண்டே முடிச்சைப் பிடித்தேன். கொடியேற்றம் வந்து போனது, லைசென்ஸ் வரவில்லை. அன்று அத்தை முதல் வரியில் ‘ஏறுறதுக்குள்ள’ என்பதை அடித்துவிட்டு ‘இறங்குறதுக்குள்ள’ என்று எழுதச் சொன்னாள். கொடி இறங்க இன்னும் பத்து நாள் இருந்தது. மாதாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார் சித்தப்பா. சொல்லிவிட்டதாக அத்தை சொன்னாள்.

கொடி இறங்க இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி மைதானத்துக்குப் போனாள். வண்டி அந்தச் சின்ன எட்டுக்குள் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடியது. அதே மரத்தடி அதிகாரி தலையை ஆட்டவில்லை, கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஆறேகால் மணிக்கு அடையாறு நோக்கிக் கிளம்பினாள். வண்டி ஒரு தடவையும் ஆடவில்லை. எங்கள் கட்டடத்தின் எல்லா மாடியிலும் ஆட்கள் நின்றார்கள். தலையில் கூடை இல்லாமல் அத்தையின் கழுத்து எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், உன் தப்பை அவள் தன்மேல் போட்டுக்கொண்டாளே, எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அரை விரற்கடைக் கண்ணியைக் கண்டுபிடிக்கும் கண், ஒரு சாணைப் பார்க்காமல் இருந்திருக்காது. பார்த்துக்கொண்டேதான் தினமும் ஏறி உட்கார்ந்தாள். என்னுடையதில் ஒரு விரற்கடைகூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை, ஐஸ் பெட்டி காலியாகி வீட்டுக்கு வந்ததும் அத்தை பீரோவைத் திறந்தாள். லைசென்ஸ் வரியை அடித்தாள். எட்டை அடித்தாள். ‘கால் ஊன்றினேன்’ என்பதையும் அடித்தாள். பக்கத்தில் என் வரி இருந்தது. அதையும் அடித்துவிடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

பென்சில் எதற்கென்று புரியாமல், இன்னும் என்மேல் கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்து அடிப்பாள் என்று, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவுகிற சத்தத்தைக் கேட்டபடி நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.