வந்த திகதி

ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்குவதுதான் எங்கள் தொழில். வாங்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு படகுச் சங்கம். பலநாட் படகுகள் எப்போது போயின, எப்போது வந்தன என்பதெல்லாம் அங்கே ஒரு பழைய தரவுத்தளத்தில் கிடக்கிறது. அதைச் செய்த கம்பனி எப்போதோ மூடியாயிற்று. புதிய திரை செய்யும் வேலை என்னிடம் வந்தது. இப்போதெல்லாம் தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்.கியூ.எல். கேள்விகளை நாங்கள் கையால் எழுதுவது குறைவு. அதற்கென்று சட்டகம் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ‘படகு’ என்று சொன்னால் அதுவே கேள்வியை எழுதி, அட்டவணையில் தேடி எடுத்துத் தரும். ஆனால் அதற்குப் பேசத் தெரிந்த தரவுத்தளங்களுக்குள் சங்கத்தினுடையது இல்லை. பழையதைத் தூக்கி எறியவும் ஏலாது. ஐஸ் ஆலையும் டீசல் பம்பும் அதில்தான் கணக்கு எழுதுகின்றன. ஆகவே அதன் பேச்சு வழக்கைச் சட்டகத்துக்குப் பழக்கும் நிரலை நானே எழுத வேண்டியிருந்தது.

அதே படகுகள்

சட்டகம் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கேட்கும்: முதல் இருபதை விட்டுவிட்டு அடுத்த இருபதைத் தா. பழையதுக்கு ‘இருபது தா’ விளங்கும், ‘விட்டுவிட்டு’ விளங்காது. விளங்காததைப் பிழை என்று சொல்லாமல் விழுங்கிவிடுகிற சுபாவம் வேறு. சங்கத் தலைவர் சின்னராசா ஐயாவுக்குக் காட்டும்போது அடுத்த பக்கத்தை அழுத்தினேன். அதே படகுகள். இன்னொரு முறை அழுத்தினேன். அதே. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, மிச்சப் படகெல்லாத்தையும் நீர் வித்துப்போட்டீரோ?”

எல்லாரும் கரையில்

சங்கத்தின் வானொலிக் கருவி நஸீமாவின் மேசையில் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். காலையில் ‘கடலில் உள்ள படகுகள்’ என்ற திரையைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். திரையில் இல்லாத படகைக் கூப்பிடக் கூடாது. கரையில் நிற்கிற படகைக் கடலில் தேடுவது கூடாத சகுனம் என்று படகோட்டும் தண்டையல்மார் சண்டைக்கு வருவார்கள்.

என் புதிய திரையை முதன்முதல் திறந்த காலையில் அது வெறுமையாக இருந்தது. வராத படகின் ‘வந்த திகதி’ கட்டத்தில் ஒன்றுமே இராது என்பது சட்டகத்தின் நம்பிக்கை. பழையதுக்கோ ‘ஒன்றுமில்லை’ என்ற எண்ணமே கிடையாது. அந்தக் கட்டத்தை வெற்றிடக் குறிகளால் நிரப்பி வைத்திருந்தது. ஏதோ இருக்கிறதே, அப்படியானால் எல்லாப் படகும் வந்துவிட்டது என்று சட்டகம் முடிவு செய்துவிட்டது. என்னை இன்னும் ஏன் கூப்பிடவில்லை என்று கடலிலிருந்து ஒரு தண்டையலே கேட்டார். நஸீமா விஷயத்தைச் சொன்னார். இரைச்சலுக்குள்ளால் பதில் வந்தது.

“அப்ப நான் வீட்டிலையோ நிக்கிறன்? சோத்தப் போடச் சொல்லு பிள்ள.”

ஐயாவின் வழி

நஸீமா சிரிக்கவில்லை. பழைய திரையைத் திறந்தார். அங்கே வழமைபோல ‘ஸபா’ என்ற படகு முதலாவதாக நின்றது. ஸபா போய் ஒரு வாடைக் காற்றுக் காலமும் ஒரு கச்சான் காற்றுக் காலமும் கழிந்துவிட்டன. நஸீமாவின் நானா, கூடப்பிறந்த மூத்தவர், அதில் போனவர். தேடிப் போன படகுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இறங்குதுறையில் கயிறு கட்டின பிறகுதான் வந்த திகதி போடுவது சங்கத்தின் வழக்கம். ஸபா கயிறு கட்டவில்லை. அதனால் அது திரையில் இருக்கிறது. அதனால் நஸீமா தினமும் அதைக் கூப்பிடுகிறார். இனிப் பழைய திரை போய்விடும், என்னுடையதுதான் இருக்கும்.

வெற்றிடத்தை ஒருவழியாகச் சட்டகத்துக்கு விளங்கப்படுத்தினேன். மற்றப் படகுகள் வந்தன. ஸபாவைத் தொட்டதும் முழுத் திரையும் நின்றது. எத்தனை நாள் கடலில் என்பதைக் காட்டப் பழையது இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் வைத்திருந்தது. அதற்கு மேலும் ஒரு படகு கடலில் நிற்கும் என்று அதை அமைத்தவர் நினைக்கவில்லை. இலக்கம் கொள்ளாவிட்டால் நட்சத்திரக் குறி போடும். இலக்கம் வரும் என்றிருந்த சட்டகம் நட்சத்திரத்தைக் கண்டு விழுந்தது. ஸபாவுக்கு ஒரு திகதியைப் போட்டு மூடிவிட்டால் திரை ஓடும், எப்போதாவது ஒருநாள் போடத்தானே வேண்டும் என்றார் ஐயா. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. நஸீமா குரலை உயர்த்தவில்லை.

“வந்த திகதி எண்டா வந்த திகதியத்தான் ஐயா போடேலும். அது எனக்குத் தெரியாதே.”

முதல் பெயர்

நாட்கணக்கைப் பழையதிடம் கேட்பதை விட்டேன். போன திகதியை மட்டும் வாங்கி, மிச்சத்தை என் நிரலிலேயே கணக்கிட வைத்தேன். ஒற்றைப் படகுக்காக எழுதிய அந்தப் பகுதிதான் முழு வேலையிலும் பெரியது. இந்தப் பாடு பட்டவர்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

அடுத்த திங்கள் காலை புதிய திரை திறந்தது. போய்க் கனநாளானது முதலில் என்ற ஒழுங்கில் ஸபா மேலே நின்றது, பக்கத்தில் மூன்று இலக்கம். நஸீமா ஒலிவாங்கியை எடுத்தார். “ஸபா, ஸபா. கேக்குதா ஸபா?” பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கருவி இரைந்துகொண்டிருந்தது. ஐஸுக்குச் சீட்டு வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். ஐயா கதிரையில் இருந்தபடியே கையைக் காட்டினார்.

“கொஞ்சம் பொறும். பிள்ளை இன்னும் அடுத்த பேருக்குப் போகேல்ல.”

பதில் வராத ஒரு கேள்வியைத் தினமும் தடங்கலில்லாமல் கேட்க வைத்ததுதான் இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஒழுங்கான வேலை, அதற்கும் நிரல் சோதனை முடிவில் ‘வெற்றி’ என்றுதான் வந்தது.